மேலிருந்து பார்த்தால் எல்லாப் படகும் ஒன்றுதான்

நீளமான பதிவு. "சார் மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் போகலாம். ஆனால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும், பழைய மாணவர் குழுவிலும் ட்ரோன் சண்டை வீடியோ போடுகிறவர்கள் மட்டும் கடைசிவரை படித்தாக வேண்டும். உங்களுக்காகத்தான் உட்கார்ந்து தட்டுகிறேன்.

என்ன வீடியோ என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலிருந்து எடுத்த படம். வயலில் ஒரு ஆள் ஓடுகிறான். தடுக்கி விழுகிறான், மல்லாந்து பார்க்கிறான், கையைத் தூக்குகிறான். அப்புறம் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிடுகிறது. பின்னால் ஒரு சினிமா ஹீரோ அறிமுக இசை. கீழே நெருப்புப் பொம்மை, கைதட்டும் பொம்மை. "செம துல்லியம் மாமா, இனிமே சண்டைன்னா இதுதான்" என்று என் அக்கா மகன் எழுதியிருக்கிறான். அவன் நல்ல பிள்ளை. ட்ரோன் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அதனால்தான் அவனுக்குத் தனியாக போன் செய்யாமல் எல்லோர் முன்னாலும் பதில் சொல்கிறேன். அவன் சொல்வதைத்தான் இன்றைக்குப் பாதி நாடு சொல்கிறது.

துல்லியம். இந்த ஒரு வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

எங்கே அடிக்க வேண்டும் என்பதில் ட்ரோன் துல்லியமானது, ஒப்புக்கொள்கிறேன். யாரை அடிக்கிறோம் என்பதில் அது துல்லியமே இல்லை. இரண்டும் வேறு வேறு. தபால்காரர் கதவு எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார் என்பதால் கடிதத்தில் எழுதியிருப்பது உண்மையாகிவிடாது.

2021 ஆகஸ்ட் 29. காபூல் நகரம். அமெரிக்க ட்ரோன் ஒரு வெள்ளை டொயோட்டா காரை ஏறத்தாழ எட்டு மணி நேரம் மேலிருந்து பின்தொடர்ந்தது. எட்டு மணி நேரம்! ஒரு மனிதரை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் யார் என்று தெரியாதா? தெரியவில்லை. அவர் வண்டியில் ஏற்றிய கேன்களை வெடிமருந்து என்று முடிவுகட்டினார்கள். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ஏவுகணையை விட்டார்கள். செத்தது பத்துப் பேர், அதில் ஏழு பேர் குழந்தைகள். அந்த மனிதர் ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். கேன்களில் இருந்தது தண்ணீர். முதலில் அதை நியாயமான தாக்குதல் என்றார்கள். பத்திரிகைக்காரர்கள் தோண்டி எடுத்தபிறகு, செப்டம்பர் 17 அன்று தவறு நடந்துவிட்டது என்றார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

இப்போது நம் ஊர்ப் படகை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்து முகத்துவாரம் தாண்டிப் போகிற ஃபைபர் படகு. நாலு பேர். டீசல் கேன், தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, தார்ப்பாய் போட்டு மூடிய வலைக் குவியல். வெப்பத்தைப் பார்க்கும் கேமராவில் நம் ஆள் எப்படித் தெரிவான்? வெள்ளையாக ஒரு பொட்டு. எஞ்சின் இன்னொரு பொட்டு. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது வலை என்று அந்தப் பொட்டு கத்திச் சொல்லுமா?

கற்பனை பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 2 முதல் அமெரிக்க ராணுவம் கரீபியன் கடலில் சின்னப் படகுகளை வானிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது. போதைப்பொருள் கடத்தல் படகுகள் என்கிறார்கள். முதல் நாளே பதினொரு பேர். உடைந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் இரண்டாவது முறையும் அடித்திருக்கிறார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் நூறு பேருக்கு மேல். விசாரணை இல்லை, கைது இல்லை, கோர்ட் இல்லை. செத்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர் மீனவர் என்று கொலம்பிய நாட்டு அதிபரே சொன்னார். அவர்கள் வெளியிட்ட வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். நீளமான ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு எஞ்சின். எனக்கு அதைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது. உங்களில் எத்தனை பேர் வீட்டு வாசலில் அதே மாதிரிப் படகு கவிழ்த்து வைத்திருக்கிறது?

அவர்களில் கடத்தல்காரர்கள் இருந்தார்களா என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம். கடத்தல்காரனைப் பிடித்தால் ஜெயில். அதற்குத்தானே கடலோரக் காவல்படை?

சரி, அது தூரத்துக் கடல். நம் பக்கம் வாருங்கள். 2012 பிப்ரவரி 15, கொல்லம் கடற்கரைக்கு அப்பால், இத்தாலிய எண்ணெய்க் கப்பல் என்ரிகா லெக்ஸியில் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். கடற்கொள்ளையர் என்று நினைத்துவிட்டோம் என்றார்கள். பகல் வெளிச்சம். கப்பல் தளத்தில் நிற்கிற பயிற்சி பெற்ற வீரன், சொந்தக் கண். அவனுக்கே வலைக்காரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வழக்காவது ஒன்பது வருடம் இழுத்து, 2021-இல் பத்துக் கோடி நஷ்டஈட்டோடு முடிந்தது. வழக்குப் போட முடிந்ததே எப்படி? கப்பல் ஒன்று கண்ணெதிரே இருந்தது, அதற்குப் பெயர் இருந்தது, சுட்டவனுக்கு முகம் இருந்தது. ட்ரோன் அடித்திருந்தால் யார் மேல் வழக்குப் போடுவது? எந்த ஊர்க் காவல்நிலையத்தில்?

"மாமா, ட்ரோன் இருந்தா நல்லா பார்த்துட்டு அடிப்பாங்க, அப்பாவிங்க தப்பிப்பாங்க" என்று அக்கா மகன் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னான். இதற்குப் பதில் சொல்ல நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி வரை போனால் போதும்.

அங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து என்னிடம் சில பிள்ளைகள் படித்தார்கள். (அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று 2021-இல் அரசு மாற்றியது. நல்லது. வீடுகளும் மாறினால் இன்னும் நல்லது.) வன்னியிலிருந்து கடைசியாக வந்தவர்களிடம் "வண்டு" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். இலங்கை விமானப்படை இஸ்ரேலிடம் வாங்கிப் பறக்கவிட்ட ஆளில்லா வேவு விமானத்துக்கு அந்தச் சனங்கள் வைத்த பெயர் அது. மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ரீங்காரம் கேட்கும். அது சுற்றிவிட்டுப் போனால் அடுத்து கிபீர் வரும், அல்லது ஷெல் வரும். நம் குழந்தைகள் ட்ரோன் என்ற வார்த்தையைக் கல்யாண வீடியோவில் கேட்டுப் பழகுவதற்கு முன்பே, தமிழ்க் குழந்தைகள் அந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் ஓடப் பழகியிருந்தார்கள்.

2009-இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் அத்தனை சனமும் ஒரு துண்டு மணலில் நெருக்கப்பட்டுக் கிடந்தபோது மேலே வண்டு இருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கொடுத்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள். வன்னியில் இருந்த எல்லா மருத்துவமனைகளும் ஷெல்லடிக்கு ஆளாயின, அவை எங்கே இருக்கின்றன என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அடிபட்டன என்று எழுதியிருக்கிறார்கள். புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அதே அறிக்கை சொல்கிறது, மறைக்கவில்லை. செத்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்கிறது. மேலே கண் இருந்ததால் ஒரு மருத்துவமனைக் கூரையாவது தப்பித்ததா? நன்றாகப் பார்க்க முடிந்தால் இரக்கம் வரும் என்பது கேமரா விற்பவன் சொல்லும் கதை.

இப்போது உக்ரைன். அங்கே தெற்கில் கெர்சோன் என்று ஒரு ஊர், தினிப்ரோ ஆற்றங்கரை. எதிர்க்கரையில் ரஷ்யப் படை. அங்கிருந்து சின்ன ட்ரோன்களை விட்டு, சைக்கிளில் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், ஆம்புலன்ஸ் என்று தேடித்தேடி அடிக்கிறார்கள். ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதம் இதை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்லிவிட்டது. கவனியுங்கள், இங்கே ஆள் மாறாட்டம் கூட இல்லை. கேமராவில் கிழவி என்று தெரிந்தேதான் அடிக்கிறான். துல்லியமாக.

அந்த ஊரை எது காப்பாற்றுகிறது தெரியுமா? மீன்பிடி வலை. வேடிக்கை இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, மேலே வலையை விரித்துக் கூண்டு மாதிரி ஆக்கிவிட்டார்கள், கிலோமீட்டர் கணக்கில். ட்ரோனின் விசிறி அதில் மாட்டிச் சுற்றிக்கொள்கிறது, நம் நண்டு வலையில் நண்டு காலைப் போட்டுக்கொண்டு தவிப்பது போல. பிரான்ஸில் பிரித்தானி கரையோர மீனவர்களும், டென்மார்க் மீனவர்களும் தங்கள் பழைய வலைகளை மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆழ்கடல் மீன் பிடித்த வலை இப்போது தெருவில் போகிற பிள்ளைகளின் தலைக்கு மேல் தொங்குகிறது. குழுவில் அந்தப் படத்தை ஏன் ஒருத்தரும் போடவில்லை? அதற்கு இசை சேர்க்க வரவில்லையோ?

வலையும் எத்தனை நாளைக்கு? ரேடியோ அலையைத் தடுத்து ட்ரோனைக் குருடாக்கினார்கள். உடனே கண்ணாடி இழை கட்டிய ட்ரோன் வந்துவிட்டது. நைலான் நரம்பு மாதிரி மெல்லிய இழை, சுருளிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் அவிழ்ந்துகொண்டே பின்னால் போகும். அதைத் தடுக்க அலையே இல்லை. அங்கே வயல்வெளியெல்லாம் அந்த இழை சிலந்திக்கூடு மாதிரி படர்ந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மறுமருந்து, மறுமருந்துக்கு மறுமருந்து. விலையோ இறங்கிக்கொண்டே போகிறது. ஆளைத் தேடிப் போகும் சின்ன ட்ரோன் ஒன்று நானூறு, ஐந்நூறு டாலருக்கு முடிந்துவிடுகிறது. நம் படகில் மாட்டும் எஞ்சினைவிட மலிவு. கொல்வதற்கு ஆகும் செலவு இப்படிக் குறைந்தால் கொல்வதற்கு யோசிக்கிற நேரமும் குறையும். இது எனக்குத் தெரிந்த சின்னக் கணக்கு.

"அப்போ நம்ம நாடு சும்மா இருக்கணுமா சார்?" என்று ராணுவத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் கேட்டிருக்கிறான். இல்லை தம்பி. 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியது என்று நம் அரசு சொன்னது. அவற்றைச் சுட்டு வீழ்த்திய நம் வீரர்களுக்கு என் வணக்கம். தலைக்கு மேல் வருவதை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் பஞ்சாபில் பெரோஸ்பூர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் ட்ரோன் விழுந்து குடும்பமே தீயில் கருகியதும், அந்த வீட்டு அம்மா சில நாளில் இறந்ததும் உனக்கு நினைவிருக்கிறதா? அன்றைக்கு நம் குழுவில் ஓடியது எத்தனை ட்ரோன் விழுந்தது என்ற ஸ்கோர் மட்டும்தான். கிரிக்கெட் மாதிரி.

அடுத்தது வேலை. இதுதான் அக்கா மகனின் கடைசி ஆயுதம். "தமிழ்நாட்டுல டிபென்ஸ் காரிடார் வருது, எத்தனை பேருக்குச் சோறு!" வரட்டும். வயலுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோன் செய், வெள்ளத்தில் மாட்டியவனுக்குக் கயிறு கொண்டுபோகிற ட்ரோன் செய், காணாமல் போன படகைத் தேடுகிற ட்ரோன் செய். நானே மாலை வாங்கி வருகிறேன். மற்றதைச் செய்யும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொள். 1613-இல் டச்சுக்காரன் நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டினான். அங்கே வெடிமருந்து ஆலை வைத்தான். இங்கே அரைத்த மருந்துதான் கடல் தாண்டிப் போய்க் கிழக்கிந்தியத் தீவுகளில் அவன் பீரங்கிக்குள் ஏறியது. அரைத்தவனுக்குக் கூலி கிடைத்திருக்கும். யார் தலையில் விழுந்தது என்று அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோட்டை இன்று முள்செடி மண்டிக் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும்போதெல்லாம் மசாலா, துணி வியாபாரம் என்று மட்டும் பாடப்புத்தகம் சொல்லும். மருந்தையும் சேர்த்துச் சொன்னது நான்.

இந்தக் கரை யார் கண்ணிலும் படாத மூலை இல்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் நாம் கடலுக்குப் போகக்கூடாது. தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். ஒரு சண்டை என்று வந்தால் வானத்திலிருந்து முதலில் கண்காணிக்கிற கரைகளில் இதுவும் ஒன்று. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன்காரர்கள் சரக்கு லாரிக்குள் ட்ரோன்களை ஒளித்துக்கொண்டுபோய் ரஷ்யாவின் விமானத் தளங்களை அடித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மறுநாளிலிருந்து அங்கே ஒவ்வொரு லாரியும் சந்தேகப் பொருள். நாளைக்கு ஒருவன் மீன்பிடிப் படகிலிருந்து அப்படி விட்டால்? அதற்கு மறுநாள் கூனங்குப்பத்துப் படகு என்ன ஆகும்?

இதில் ஆள் இல்லாமல் தானே முடிவெடுத்துக் கொல்லும் ஆயுதங்கள் வேறு. அதைப் பற்றிக் கவலை தெரிவித்து 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. ஆதரவு 152 நாடுகள். எதிர்ப்பு நான்கே நான்கு. அந்த நான்கில் நம் நாடும் ஒன்று. ஜெனீவாவில் ஏற்கெனவே பேச்சு நடக்கும்போது இணையாக இன்னொன்று எதற்கு என்பது நம் தரப்பு வாதம். ஜெனீவாவில் பத்து வருடமாகப் பேசுகிறார்கள். பேச்சுக்குள் ட்ரோன் தலைமுறை மூன்று மாறிவிட்டது.

திருவள்ளூர் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டே கேள்வி. அந்த ஓட்டை ஏன் அப்படிப் போட்டோம்? நம் கடலில் ஒரு படகை வானிலிருந்து அடிப்பதென்றால் யார் முடிவெடுப்பார், அதற்கு முன் என்னென்ன எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும் என்று எழுதப்பட்ட விதி உண்டா? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் கிராமத் தலைவர்களிடம் பேசிவிட்டேன், கையெழுத்துப் போடுகிறார்கள். பொன்னேரிப் பக்கம் இருக்கும் பழைய மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். வெளியூர்க்காரர்கள் பெயரைக் கீழே எழுதினால் சேர்த்துக்கொள்கிறேன்.

அக்கா மகனே, நீயும் வா. கடிதத்தில் தொழில்நுட்பம் பற்றி ஒரு பத்தி இருக்கிறது, அதை உன்னைவிட நன்றாக இங்கே யாரும் திருத்த முடியாது. வருவதற்கு முன் அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடு.