ஒருசந்தியும் வளரும் பிள்ளையும்

நிலக்கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். பன்னிரண்டு வயதான அவருடைய மகன், பாட்டியாரைப் பார்த்துத் தானும் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி அனுசரித்தானாம். காலையில் ஒன்றும் உண்ணாமலே பள்ளிக்குப் போய் வந்தானாம். வகுப்பில் எல்லாரிலும் குள்ளமானவன் அவனே. பக்தியைத் தடுத்தால் பாவமாகுமோ என்று ஒரு பக்கமும், பிள்ளை வளராமற் போவானோ என்று மறுபக்கமும் அச்சம் தம்மை வாட்டுவதாக எழுதுகிறார். இரவு உணவு வேளையில் தந்தையார் மதிப்பெண்களைக் கேட்டுக் கடிந்துகொள்வதையும் மடலின் ஓரத்தில் ஒரு வரியில் குறித்திருக்கிறார். அந்த வரிக்குப் பின்னர் வருவோம்.

உணவு குன்றிய உடலில் நிகழ்வது யாது என்பதை நுணுகி ஆராய்ந்த இடங்களுள் நம் நீலகிரியிலுள்ள குன்னூரும் ஒன்று என்பதைப் பலர் அறியார். அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். நன்கு தீட்டி, நீராவி அழுத்தத்தில் வேகவைத்துச் சத்து நீக்கிய அரிசியையே அவற்றிற்கு இரையாக இட்டார். புறாக்கள் மெலிந்து மடிந்தன. பின்னர் அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். தைமஸ் என்னும் சுரப்பி பெரிதும் சுருங்கியிருந்தது. மண்ணீரல், கல்லீரல், இதயம் யாவும் எடை குறைந்திருந்தன. மூளை மிகச் சிறிதே இழந்திருந்தது. ஓர் உறுப்பு மட்டும் சுருங்குவதற்கு மாறாகப் பருத்திருந்தது. அது சிறுநீரகத்தின் தலைமாட்டில் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி. வெறும் பட்டினியிலும் அது அவ்வாறே பருத்தது. 1919-ஆம் ஆண்டு அவர் இதனை வெளியிட்டார். வீட்டின் சுவர்களெல்லாம் கரைந்துகொண்டிருக்க, ஓர் அறை மட்டும் பெரிதாவானேன்?

விடையின் ஒரு பகுதி 1936-இல் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரிலிருந்து வந்தது. ஹான்ஸ் செல்யே என்பவர் எலிகளைக் குளிரில் வைத்தார்; அளவு மீறி ஓடச் செய்தார்; காயப்படுத்தினார்; மருந்துகளால் வருத்தினார். துன்பம் எதுவாயினும் விளைவு ஒன்றே: அட்ரினல் பருத்தது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் கண்டது. பசி, குளிர், அச்சம் ஆகிய எல்லாவற்றிற்கும் உடல் அடிக்கும் அபாய மணி ஒன்றே என்பது அப்போது தெளிவாயிற்று.

அந்த மணியோசைதான் அட்ரினல் சுரக்கும் ஹார்மோன். மனிதரிலும் ஆட்டிலும் அதன் பெயர் கார்ட்டிசால். எலியிலும் புறாவிலும் கார்ட்டிகோஸ்டிரோன். கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். மூளைக்கோ சர்க்கரை வேண்டும். எனவே இந்த ஹார்மோன் தசைகளின் புரதத்தைக் கரைக்கச் செய்து, அதிலிருந்து கல்லீரல் புதிய சர்க்கரை ஆக்குமாறு தூண்டுகிறது. உயிரைக் காக்க இது இன்றியமையாததே. ஆயினும் நெருக்கடி நீடித்தால், எலும்பின் முனையில் நடைபெறும் வளர்ச்சியும் தசை கட்டும் வேலையும் தடைப்படுகின்றன. கொத்தனாரைத் தீயணைக்க அனுப்பிய வீட்டில் சுவர் எப்படி எழும்பும்?

வளர்ந்த உடலுக்கு இதனால் பெருங்கேடில்லை. ஒரு நாள் ஒருசந்தி இருக்கும் நலமுள்ள பெரியவர் மறுநாள் உண்டு சரிப்படுத்திக்கொள்கிறார். நம் பக்கத்து ஆட்டுக்காரர்களைக் கேளுங்கள். சித்திரை வெயிலில் புல் கருகி மெலிந்த ஆடு, மழை கண்டதும் தேறிவிடும். தாய்ப்பால் போதாமல் சவலையாய்ப் போன குட்டியோ கடைசிவரை சவலைதான் என்பார்கள். இங்கிலாந்தில் எல்சி விடோசன், மெக்கான்ஸ் என்னும் இருவர் 1960-களில் எலிகளிடம் கண்டதும் இதுவே. பால் குடிக்கும் பருவத்தில் பட்டினி கிடந்தவை, பின்னர் வயிறார உண்டும் சிறியனவாகவே நின்றன. வளர்ந்தபின் பட்டினி கிடந்தவை மீண்டும் எடை பெற்றன.

சகோதரியின் மகன் பால்குடிக் குழந்தையல்லன். சில வாரக் காலைப் பட்டினியால் அவன் குள்ளமாகிவிட்டான் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் பன்னிரண்டு வயது, உடல் விரைந்து வளரத் தொடங்கும் பருவம். திருச்சபையும் இதனை எண்ணாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி ஒருசந்திக் கடமை பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கே. அறுபதாம் வயது தொடங்கியதும் நீங்கிவிடும். புலால் தவிர்க்கும் சுத்தபோசனமோ பதினான்கு வயது நிரம்பியோர்க்கு. கடமையான ஒருசந்தி நாட்களும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே. ஆதலால் மகனுக்குக் காலைக் கஞ்சி ஊற்றிய கை பாவம் செய்த கையன்று. பாட்டியாரிடமும் இதனைப் பதமாக எடுத்துச் சொல்லலாம். அவருக்கே அறுபது கடந்திருக்கக்கூடும்!

இனி மடலின் ஓரத்து வரி. மேலே சொன்ன விடோசன் அம்மையார், போருக்குப் பிந்திய ஜெர்மனியில் 1948-இல் இரண்டு அநாதை இல்லங்களின் பிள்ளைகளை எடையிட்டு வந்தார். ஓர் இல்லத்திற்கு மட்டும் கூடுதல் ரொட்டியும் பழச்சாறும் அளித்தார். வியப்பு என்னவெனில், கூடுதலாக உண்ட பிள்ளைகளே குறைவாக எடை ஏறினர். காரணம் பின்னரே விளங்கிற்று. உணவு கூடிய அதே வேளையில் அவ்வில்லத்திற்குப் புதிய கண்காணிப்பாளர் ஒருவர் வந்திருந்தார். பிள்ளைகள் உண்ண அமரும் நேரத்தையே அவர் அவர்களைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளும் நேரமாகக் கொண்டிருந்தார். அவருடைய அன்புக்குரிய சிலர் மட்டும் நன்றாகத் தேறினர். 1951-இல் இது வெளியாயிற்று.

ஆகவே சகோதரியிடம் நாம் வேண்டுவது இது. இந்த இதழைத் தந்தையார் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். மதிப்பெண் விசாரணையைச் சோற்றுத் தட்டு எடுத்தபின் வைத்துக்கொள்ளட்டும். நிலைக்கதவில் மகனை நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்தும் கோடு நகரவில்லையெனில் மருத்துவரிடம் காட்டத் தாமதியாதீர்கள். குள்ளத்திற்குப் பரம்பரையும் வேறு நோய்களும் காரணமாகலாம்.