மரக் கணக்கில் வராதவர்கள்

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பல்லாயிரம் பேரை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்றிருந்ததால் உயிரிழப்பு நூறைத் தாண்டவில்லை. 1977 நவம்பரில் இதே நாகைக் கரையைத் தாக்கிய புயல் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வானிலைத் துறையையும் மாவட்ட நிர்வாகங்களையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், உயிர் தப்பியவர் எதை வைத்துப் பிழைப்பது?

காவிரித் தண்ணீர் பொய்க்கப் பொய்க்க, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயிகள் பலர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியிருந்தார்கள். போர் தண்ணீர் இருந்தால் போதும். நாற்பத்தைந்து நாளுக்கொரு வெட்டு, கையில் காசு. ஆனால் தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, நடுவில் முறிந்தன. நின்றவற்றிலும் பல, குருத்து திருகிப் பட்டுப்போயின. ஒரே இரவில் லட்சக்கணக்கில் போயிற்று.

அரசு அறிவித்தது மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். நல்ல மரம் ஆண்டுக்கு எண்பது காயாவது தரும். காய் பத்து ரூபாய் என்றாலும் 800 ரூபாய் ஆயிற்று. நாட்டு ரகக் கன்று பலனுக்கு வர ஆறேழு ஆண்டாகும். அகற்றும் கூலி போக, ஓராண்டு வரும்படிக்கே ஈடாகாத தொகைக்குப் பெயர் இழப்பீடாம்!

அதுவும் நிலம் வைத்திருப்பவருக்கு. மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கயிறு ஆலைக் கூலியாட்கள் யாருடைய பெயரும் சிட்டாவிலோ அடங்கலிலோ கிடையாது. குளத்தில் ஊறிய மட்டையை இரண்டாகப் பிளந்து, குத்துக்காலிட்டு நாளெல்லாம் கீற்று முடையும் பெண்ணுக்குக் கீற்றுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தோப்பு சாய்ந்தால் மறுநாளே அவர் கை சும்மா இருக்கும். குழுக்கடன் தவணை மட்டும் தவறாமல் வாசலுக்கு வரும். விழுந்த மரத்தை எண்ண வந்த அதிகாரி இவர்களை எண்ணவில்லை. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

அந்தப் படிவத்தை மாற்றுவது பெரிய காரியமில்லை. நூறு நாள் வேலை அட்டைப் பட்டியல் ஊராட்சிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு தோப்புத் தொழிலாளர்களின் பெயரையும் தொழிலையும் சேர்த்து, புயலடித்தால் கன்று காய்க்கும்வரை இவர்களுக்கு மாதம் எவ்வளவு என்பதை அரசு இப்போதே அரசாணையாக வெளியிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பட்டியலைச் சரிபார்க்கட்டும்.