தட்டைக் காப்பதே நல்ல கருவி

பொரளையில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற இசைத்தட்டுக்களைக் கேட்பதற்கென மலிவான கருவியொன்றை வாங்கியிருந்தார். அதனை மாற்றி மேலானதொன்றை வாங்கலாமா என அண்மையில் என்னை வினவினார். பொழுதுபோக்கிற்கு இத்துணைச் செலவு ஏன் என்பது அவர் இல்லத்தார் கருத்து. வாங்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆயின் செவிக்கு இன்பம் கூடும் என்பதனாலன்று. தட்டுக்கள் பிழைக்கும் என்பதனாலேயே அவ்வாறு கூறுகிறேன்.

தட்டின் வரிகளில் ஊசி உராய்ந்தே ஒலி பிறக்கின்றது. மலிவான கருவிகள் பலவற்றில் ஊசி ஏறத்தாழ 5 கிராம் பாரத்தோடு அழுந்தும். அப்பாரத்தைக் குறைக்கவும் வழியிராது. நல்ல கருவியிலோ ஏறத்தாழ 2 கிராமே போதும். ஊசியைத் தாங்கும் கையின் பின்புறத்து எடையைத் திருகி அளவை நாமே அமைக்கலாம். மேலும், ஒலிபெருக்கியும் சுழலும் தட்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பின், பெருக்கியின் அதிர்வு ஊசியையும் சென்றடையும். தேய்ந்த ஊசியை மாற்றிவிடலாம். தேய்ந்த வரியை எவரும் மீட்டல் இயலாது.

எனினும், விலை கூடியது யாவும் மேலானதாகாது. நண்பரின் பேழையிலே ராஜரத்தினம்பிள்ளையின் நாதசுரமும் சுந்தராம்பாளின் பாடல்களும் 78 சுற்று அரக்குத் தட்டுக்களாக உள்ளன. இன்று புகழப்பெறும் கருவிகளிற் பல 33⅓, 45 ஆகிய இரு வேகங்களில் மட்டுமே சுழல்வன. பெரும்பொருள் கொடுத்து அவற்றுளொன்றை வாங்கிய பின், தந்தையாரின் தட்டுக்கள் ஊமையாய்க் கிடந்தால் என்ன பயன்? அன்றியும், 1948 இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நீளிசைத் தட்டுக்கு நுண்ணிய ஊசி வேண்டும். 78 சுற்றுத் தட்டுக்கோ அதனினும் ஏறத்தாழ மும்மடங்கு பருத்த ஊசி வேண்டும். ஒன்றற்குரியதை மற்றொன்றில் இடுவது தட்டுக்கே கேடு. யானை வாங்கியவர் அங்குசத்திற்குக் கணக்குப் பார்க்கலாகாது. கருவியோடு இருவகை ஊசிகளையும் வாங்குதலே முறை.

தட்டுக்களைக் காப்பதில் இத்துணைக் கவலை ஏன் எனக் கேட்பாரும் உளர். இந்நாட்டில் 1925 டிசம்பரில் முறையான வானொலிச் சேவை தொடங்குமுன்னரே, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையொன்றிலிருந்து பரிசோதனையாக ஒலிபரப்பப்பட்டது கிராமபோன் இசையே. அந்நாள் தொட்டு நம்மவர் வீடுகளிலும் தட்டுக்கள் சேர்ந்தன. 1983 ஜூலை 24 ஆந் திகதி பொரளை கனத்தை மயானத்தருகே மூண்ட வன்செயல் வெள்ளவத்தை வரையும் பரவியது. உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன, அவற்றோடு நூல்களும் படங்களும் இசைத்தட்டுக்களும் எரிந்தன. தப்பியவற்றுட் சில கடல் கடந்தன. சில இன்னும் இந்நகரத்து அலுமாரிகளில் உறங்குகின்றன. தீக்குத் தப்பியவற்றை ஊசிக்கு இரையாக்குதல் தகுமோ?

ஒவ்வொருவரும் விலை மிக்க கருவி வாங்குதல் கூடாத காரியம், தேவையும் அன்று. மூவகை வேகமும் உரிய ஊசிகளும் கொண்ட நல்ல கருவியொன்றைப் பழைய மாணவர் ஒன்றுகூடி இவ்விழா ஆண்டில் கல்லூரிக்கு அளிக்கலாம். தட்டு வைத்திருப்போர் அதனைக் கொணர்ந்து ஒருமுறை கவனமாக ஓடவிட்டு, ஒலியைக் கணினியிற் பதிந்து, தட்டைப் பத்திரமாக வீட்டிற்குக் கொண்டு செல்லலாம். பணியை மாணவர் செய்யட்டும். பாடியவர் யார், வாசித்தவர் யார் என்பதை மூத்தோர் சொல்லிக் கொடுக்கட்டும்.

நண்பருக்கு நான் கூறிய விடை இதுவே: “மேலான கருவியை வாங்குக. வாங்கும்வரை தந்தையாரின் தட்டுக்களை உறையினின்றும் எடாதிருப்பீராக.”