தராசும் அதபும்

சென்ற பெரும்போக அறுவடை முடிந்திருந்த நேரம். இஸ்லாம் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் விடுமுறையில் நின்றமையால், பத்தாந் தரத்தின் பாடவேளை ஒன்று என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. நான் தமிழாசிரியன். எனினும் அன்றைய பாடம் ‘அஹ்லாக்’, அதாவது நற்குணங்கள் என்றிருந்தமையால் தயக்கமின்றி வகுப்பினுட் புகுந்தேன். நற்குணத்தைப் பற்றிப் பேச எவருக்குத்தான் தயக்கம்! குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையிலும் நிறுவையிலும் மோசஞ் செய்வோரைக் கண்டிப்பதை எடுத்து விளக்கினேன். பிறரிடமிருந்து பெறும்போது நிறைய அளந்து பெற்று, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அவ்வத்தியாயம் தொடக்கத்திலேயே பெயர் சுட்டி எச்சரிக்கின்றது. நன்றாகவே விளக்கினேன் என்று எண்ணுகின்றேன்.

கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். அவனுடைய வாப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து வேளாண்மை செய்பவர். “சேர், நெல்லு வாங்கிற முதலாளிமார் மூடைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே, அது இந்த ஆயத்துக்குள்ள வருமா?” என்று கேட்டான்.

வகுப்புச் சிரித்தது, உடனே அடங்கியது. அடங்கியதற்குக் காரணம் உண்டு. நாங்கள் அமர்ந்திருந்த கட்டடத்தின் வாயிலிலே கல்லிற் பொறித்திருந்த பெயர் நெல் வணிகர் ஒருவருடையது. அவருடைய மருமகன் முன் வாங்கில் இருந்தான். நான் என்ன செய்தேன்? “பெரியவர்களைப் பற்றி அவ்வாறு பேசுவது அதபு அல்ல, உட்கார்” என்றேன். பையன் உட்கார்ந்துவிட்டான். தவணைப் பரீட்சையில் நேர்மையின் ஐந்து பயன்களைத் தருக என்ற வினாவுக்கு அவன் ஐந்தையும் பிழையற எழுதி முழுப் புள்ளியும் பெற்றான் என்று பின்னர் அறிந்தேன். அந்தப் புள்ளி எனக்குப் பெருமை தரவில்லை.

இதைத் தனியொருவனின் கோழைத்தனம் என்று தள்ளிவிட்டால் என் பாரம் குறையும், உண்மையும் குறையும். நம் மத்தியில் நற்குணப் போதனை என்ற பெயரால் நடப்பது பெரும்பாலும் இதுவே. ஓதற்பள்ளியிலும் பாடசாலையிலும் குத்பா மேடையிலும் அஹ்லாக் பேசப்படாத வாரமில்லை. ஸலாம் சொல்லும் முறை, வலக்கையால் உண்ணல், பெரியோர் முன் குரல் தாழ்த்தல், உடை, தலைமயிர் ஆகியவற்றை ஒன்றும் விடாது கற்பிக்கின்றோம். இவற்றை நான் இகழவில்லை. என் பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லித்தான் வளர்க்கின்றேன். ஆனால் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். பணம் கைமாறத் தொடங்கும் இடத்திலே அது நின்றுவிடுகின்றது. கூலி, குத்தகை, கடன், நிறுவை, சீதனம் என்னும் பெயர்கள் அதில் இல்லை. இருந்தாலும் பாடநூலின் ஒரு வரியிலே பிறநாட்டுப் பிரச்சினை போல் வந்து போகும். பணிவு வேண்டிய இடங்களெல்லாம் விரிவாகவும், நியாயம் வேண்டிய இடங்களெல்லாம் சுருக்கமாகவும் அமைந்த ஒரு போதனை எவருக்கு வசதியானது என்று கேட்பது குற்றமாகுமா?

மார்க்கத்தின் மரபே இதுதான் என்று சொல்பவர்கள் உளர். அவர்களோடுதான் எனக்கு வழக்கு. அம்மரபினை அவர்கள் திறந்து பார்க்கட்டும்.

கலீபா உமரைப் பற்றி இமாம் கஸ்ஸாலி எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒருவனுக்காகச் சாட்சி கூற மற்றொருவன் வந்து, அவன் நல்லவன் என்று புகழ்கின்றான். உமர் அவனிடம் கேட்பவை மூன்றே கேள்விகள். நீ அவனுடைய உள்ளும் புறமும் அறிந்த அண்டை வீட்டானா? ஒருவனின் குணம் வெளிப்படும் பிரயாணத்தில் அவனோடு கூடச் சென்றிருக்கின்றாயா? பொன்னும் வெள்ளியும் கொடுத்து வாங்கி அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கின்றாயா? மூன்றுக்கும் இல்லை என்றே விடை வருகின்றது. அப்படியானால் அவன் பள்ளிவாசலிலே நின்று குர்ஆனை முணுமுணுப்பதையும், தலையைத் தாழ்த்துவதையும் உயர்த்துவதையும் கண்டிருப்பாய் போலும் என்கிறார் உமர். ஆம் என்கிறான் வந்தவன். அவனை நீ அறியாய், போ என்று அனுப்பிவிடுகின்றார்.

இதைப் பலமுறை மேடைகளிற் கேட்டிருக்கின்றோம். கேட்டுத் தலையசைத்துவிட்டு, ஊருக்கு நிருவாக சபை தெரியும்போது முன்வரிசையில் யார் தொழுகின்றார் என்று பார்த்துத் தெரிகின்றோம். உமர் கேட்ட மூன்றாவது கேள்வியை அந்த நெற்களத்திலே போய்க் கேட்க நம்மில் எவரும் முன்வரவில்லை. கேட்டவன் ஒரு பையன். அவனை நான் உட்கார வைத்தேன்.

குணம் என்றால் என்ன என்பதையும் அம்மரபு தெளிவாகவே வரையறுத்துள்ளது. கஸ்ஸாலி 1058இல் தூஸ் நகரிற் பிறந்து, பக்தாதின் நிழாமிய்யாக் கலாசாலையிலே தம் காலத்தின் மிக உயர்ந்த ஆசிரியப் பதவியை வகித்து, 1095இல் அதனைத் துறந்து வெளியேறியவர். பதவியின் சுகத்தை அறிந்து விட்டவர் ஆதலால் அவர் சொல்லுக்குக் கனம் உண்டு. ‘இஹ்யா’ என்னும் அவரது பெருநூலில், நஃப்ஸைப் பயிற்றுவது பற்றிய பகுதியிலே, குணமென்பது உள்ளத்தில் உறுதியாகப் படிந்த ஒரு நிலை. அதிலிருந்து செயல்கள் யோசனையும் பிரயாசையும் இன்றி எளிதிற் பிறக்கும் என்று விளக்குகின்றார். ஒருநாள் அள்ளிக் கொடுத்தவன் கொடையாளி ஆகிவிடுவதில்லை. தன்னை வருத்தி அடக்கிக்கொண்டு ஒருமுறை மௌனமாயிருந்தவன் பொறுமையாளன் ஆகிவிடுவதுமில்லை. செயலே பழக்கமாகி, பழக்கமே இயல்பாக வேண்டும்.

தமிழ் படித்தவனுக்கு இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சி. ‘ஒழுக்கம்’ என்ற நம் சொல்லின் வேர் ‘ஒழுகு’. இடையறாது ஓடுவதே ஒழுகுதல். ஐந்து பயன்களை எழுதி முடித்துப் பேனாவை மூடிவிடுவது ஒழுக்கமன்று என்பதை அந்தச் சொல்லே சொல்லிக்கொண்டிருக்கின்றது.

குணம் பிறப்போடு வந்தது, மாறாது என்று வாதிட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர். கஸ்ஸாலி அவர்களை விடவில்லை. குணம் மாறாதெனில் உபதேசமும் பயிற்சியும் வீணாகும். வேட்டைப் பருந்தும் நாயும் குதிரையுமே பயிற்சியால் மாறும்போது மனிதன் மாறானோ என்று கேட்கின்றார். பேரீச்சங்கொட்டை மரமுமன்று, பழமுமன்று. ஆயினும் வளர்ப்பவன் கையிலே அது பேரீச்ச மரமாக முடியும் என்று உவமை காட்டுகின்றார். கோபத்தையும் ஆசையையும் வேரோடு பிடுங்கிவிடவும் அவர் சொல்லவில்லை. அவை அறவே இல்லையேல் மனிதன் தன்னைக் காத்துக்கொள்ளவும் இயலாது. அளவிலே நிறுத்துவதே வேண்டுவது என்பது அவர் முடிவு. கோபமே கூடாதென்று ஏழைக்கு மட்டும் போதிப்பவர்கள் இதனை ஒருமுறை படித்தல் நலம்.

அவருக்கு முந்தியவர் மிஸ்கவைஹி. 1030இல் மறைந்த இவர், புவைஹி ஆட்சியின் மந்திரிமாரிடம் நூலகப் பொறுப்பாளராக இருந்தவர். குணத்தைச் செம்மை செய்தல் பற்றி இவர் எழுதிய நூல் கிரேக்கர்களிடமிருந்து அறிவு, வீரம், தன்னடக்கம், நீதி என்னும் நான்கு பண்புகளின் வகுப்பைப் பெற்றுத் தன் மண்ணில் நட்டது. அந்நியரிடம் கற்பதா என்று அவர் கூசவில்லை. கஸ்ஸாலியும் கூசாது அந்நான்கையும் ஏற்றார். மலைக்குகைகளிலும் வனாந்தரங்களிலும் ஒதுங்கி வாழ்பவனுக்கு இப்பண்புகள் வாய்க்கா என்று மிஸ்கவைஹி உறுதியாகக் கூறுவதை இங்கே நினைக்க வேண்டும். எவரோடும் கலவாதவனிடம் நீதியோ கொடையோ வெளிப்பட வழியில்லை. அவன் தீமை செய்யாதிருப்பது தீமை செய்ய ஆளில்லாமையால். நீதி என்பது மற்றொருவன் எதிரே நிற்கும்போதுதான் தோன்றும். அந்த மற்றொருவன் கையில் ஒரு மூடை நெல் இருக்கும்போது இன்னும் நன்றாகத் தோன்றும்.

இனி ‘அதபு’ என்ற சொல்லுக்கு வருவோம். அரபியில் அச்சொல் நன்னடத்தையையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். அத்தகைய அழகிய சொல்லை நான் அன்று வாய்ப்பூட்டாகப் பயன்படுத்தினேன். அதற்கு மரபிலே ஆதாரம் உண்டா? குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் எதனோடு தொடங்குகின்றது? குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையிலே கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் வந்து குறுக்கிட, நபிகள் நாயகம் முகஞ் சுளித்தார்கள். அதற்காகவே இறைவசனம் இறங்கிற்று. செல்வாக்குடையவனைக் கவனித்து, அறிவு தேடி வந்த எளியவனைப் புறக்கணித்ததைச் சுட்டிய அவ்வசனங்கள் இன்றளவும் தொழுகையிலே உரத்து ஓதப்படுகின்றன. அபூபக்கர் பொறுப்பேற்ற அன்றே, தாம் தவறினால் தம்மைச் செவ்வைப்படுத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். உமரோ, தம்மைப் பற்றித் தமக்குப் பிடிக்காத எதனைக் கேள்விப்பட்டீர் என்று ஸல்மானிடம் வற்புறுத்திக் கேட்டார். ஒரே உணவில் இரு கறிகள் சேர்ப்பதாகவும், பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாக இரண்டு உடை வைத்திருப்பதாகவும் கேள்வி என்றார் ஸல்மான். இரண்டு கறி! நம் பெரியவர்களிடம் மூடைக்கு இரண்டு கிலோவைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவாம்.

தன் குறையை ஒருவன் அறிய நான்கு வழிகளைக் கஸ்ஸாலி சொல்கின்றார்: தேர்ந்த வழிகாட்டி, உண்மை பேசும் நண்பன், பகைவனின் நாக்கு, மக்களோடு கலந்து பழகுதல். பகைவன் வாயிலிருந்து வந்தாலும் குறையைக் கேட்டறி என்பவரின் மரபிலே, மாணவன் வாயிலிருந்து வந்த கேள்வியை அடக்குவதற்கு இடம் எங்கே இருக்கின்றது?

அடக்குவதனால் விளைவது என்ன என்பதையும் ஒருவர் எழுதிவைத்துள்ளார். 1332இல் தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் முடித்த தமது ‘முகத்திமா’விலே, மாணாக்கரைக் கடுமையாக நடத்துதல் பற்றித் தனி அத்தியாயம் வைத்தார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கும்; ஊக்கம் கெடும்; கைநீளுமோ என்ற அச்சத்தால் உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டக் கற்கும்; பொய்யும் வஞ்சனையும் பழகி, அவையே அப்பிள்ளையின் குணமாகிவிடும் என்று அவர் எச்சரிக்கின்றார். கஸ்ஸாலி சொன்ன அதே பழக்க விதிதான். ஆனால் எதிர்த்திசையில் வேலை செய்கின்றது. பிரம்பு வேண்டுமென்பதுமில்லை. “உட்கார்” என்ற ஒரு சொல் போதும். என் வகுப்பு முப்பத்திரண்டு பிள்ளைகளும் அன்று ஒரு பாடம் படித்தார்கள். தாளில் எழுத ஒரு நேர்மை, களத்தில் நடக்க ஒரு நேர்மை என்பதே அது. அஹ்லாக் பாடவேளையிலேயே அதைப் படித்தார்கள்.

நண்பர்கள் சிலர் இரண்டு மறுப்புகளைச் சொல்வர். ஈமான் முதலில் உறுதியாகட்டும், குணம் தானே வரும் என்பது ஒன்று. ஏழே வசனங்கள் கொண்ட 107ஆம் அத்தியாயத்தை அவர்களுக்குச் சிபாரிசு செய்கின்றேன். அநாதையை விரட்டுபவனையும், சிறு உதவியை மறுப்பவனையும், தொழுகையிற் கவனமற்று ஊருக்குக் காட்டத் தொழுபவனையும் அது ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கின்றது. முதலாவது பின்னது என்ற வரிசை அங்கில்லை.

மற்றையது சற்றுக் கனமானது. அந்த வணிகர் ஸகாத் கொடுக்கின்றார், கட்டடம் கட்டித் தந்தார், நூறு பிள்ளைகள் நிழலில் இருந்து படிக்கின்றனர். இதையும் எண்ண வேண்டாமா? எண்ணத்தான் வேண்டும். அந்த நிழலில் நின்றுதான் நானும் சம்பளம் வாங்குகின்றேன். ஆயினும் மார்க்கச் சட்டம் இங்கே குழப்பம் வைக்கவில்லை. முறைகேடாகப் பெற்ற பொருள் பெற்றவனுக்கு உடைமையாவதில்லை. உடையவனைத் தேடித் திருப்பிக் கொடுப்பதே பாவமன்னிப்பின் பகுதி. ஸகாத் என்பது தன் பொருளில் நாற்பதில் ஒன்றைக் கொடுப்பது. பிறன் பொருளில் நாற்பதில் ஒன்றைக் கொடுத்து மிச்சத்தைத் தூய்மை செய்ய எந்த மத்ஹபும் வழிவகுக்கவில்லை. கழிவு கொடுத்த வேளாளனுக்குக் கட்டடம் விடையாகாது. அவனுக்கு வரவேண்டியது நெல்லின் விலை.

ஈரப்பதன் என்றும் சாக்கின் நிறை என்றும் கழிவுக்குக் காரணம் சொல்லப்படுவதை நான் அறிவேன். ஈரமான நெல்லுக்கு ஈரத்தை அளந்து விலை குறைப்பது நியாயம். அதை அளக்கக் கருவியும் உண்டு. நபிகள் நாயகம் சந்தையிலே தானியக் குவியலுக்குள் கை நுழைத்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை வாங்குவோர் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்றவனைக் கேட்டார்கள். மோசஞ் செய்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் கூறினார்கள். ஆகவே ஈரநெல்லை மறைத்து விற்கும் வேளாளனும் தப்ப முடியாது. ஆனால் காய்ந்த நெல்லுக்கும் ஈரநெல்லுக்கும், புதுச் சாக்குக்கும் பழஞ் சாக்குக்கும் ஒரே இரண்டு கிலோ என்றால், அங்கே அளக்கப்படுவது ஈரமன்று. கடன்பட்டு உரம் வாங்கியவன் அன்றே விற்றாக வேண்டிய அவசரம் அளக்கப்படுகின்றது.

குர்ஆன் கண்டித்தது நிறையப் பெற்றுக் குறையக் கொடுப்பவனை. நிறைவுக்கும் மேலே பெறுபவனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை போலும்.

அந்த மாணவன் இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றான். தமிழ்ப் பாடவேளையிலே அவனைக் காண்கின்றேன். இப்போது கேள்வி கேட்பதில்லை. அடுத்த வாரம் அந்த அத்தியாயத்தை அதே வகுப்பிலே மீண்டும் எடுக்க அதிபரிடம் ஒரு பாடவேளை கேட்டிருக்கின்றேன். முன் வாங்கும் கடைசி வாங்கும் இருக்கும்போதே அவனுக்குச் சொல்ல வேண்டும்: வரும் தம்பி, மூடைக்கு இரண்டு கிலோவும் அந்த ஆயத்துக்குள் வரும்.