விமானி ஏன் இன்னும் ஏ.எம்.மில் பேசுகிறார்?

ஏ.எம். ரேடியோ என்றால் தாத்தா காலத்து சமாச்சாரம் என்று நினைக்கிறோம் இல்லையா? ஆனால் விமானி தரையோடு இன்றும் ஏ.எம்.மில்தான் பேசுகிறார், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில்.

ஏ.எம்.மில் குரலுக்கேற்ப அலையின் உயரம் கூடிக் குறையும். எஃப்.எம்.மில் மாறுவது அதிர்வெண். ஒலி துல்லியம்தான். ஆனால் அதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், பலமான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். இன்னொருவர் கூப்பிட்டதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி, பெரும்பாலும் 'கீச்' என்று காதைத் துளைக்கும். யாரோ குறுக்கே பேசுகிறார் என்று புரிந்து, திரும்பக் கேட்கலாம்.

கேட்காவிட்டால்?

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. ஓடுபாதையே தெரியாத மூடுபனி. டேக் ஆஃப் அனுமதி கிடைக்காமலே கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியது. காத்திருக்கச் சொன்ன கட்டுப்பாட்டு அறையின் குரலும், இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்ற பான் ஆம் விமானத்தின் குரலும் ஒரே நேரத்தில் மோதின. கே.எல்.எம். விமானிகளுக்குக் கீச்சொலியே கேட்டது. ரேடியோவில் அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. சில விநாடிகள் கழித்து ஃப்ளைட் இன்ஜினீயர் மட்டும் சந்தேகப்பட்டார். பான் ஆம் விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாக இருந்தார்.

இறந்தவர்கள் 583 பேர்.

இப்போது 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோதான் கட்டுப்பாட்டு அறை உச்சரிக்கிறது.