"இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?"

கொஞ்சம் நீளமான பதிவு. ஆண் பிள்ளைகளும் தாண்டிப் போகாமல் படியுங்கள். உங்கள் வீட்டிலும் அம்மா, மனைவி, அக்கா, தங்கை இருக்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் போவது சாதாரணமாக நடப்பது. அதைச் சரிசெய்யக் கேட்பது பகட்டு இல்லை, அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்பது என் கருத்து.

நாலு வருடத்துக்கு முன் எனக்கு இடது பக்கம் கட்டி எடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். முழுவதும் எடுக்கவில்லை, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பக்கம் சுருங்கி இறுகிவிட்டது. ஜாக்கெட் ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கம் தொளதொளவென்று நிற்கும். டாக்டரிடம் கேட்கப் போகிறேன் என்றேன். கூட வந்த உறவுக்காரப் பெண், "உசுரு பொழைச்சதே பெருசு. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்றாள். அன்பில் சொன்னதுதான். அவளும் இதைப் படிப்பாள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஊரே சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

எழுபது வயதுத் தாத்தா பல்செட் கட்டினால் யாராவது எதுக்கு என்று கேட்கிறோமா? பெண்ணின் மார்பு என்றவுடன் மட்டும் வயதும் வெட்கமும் குறுக்கே வந்துவிடுகின்றன. முழுவதும் எடுத்த சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் பாரம் இருப்பதால் தோளும் கழுத்தும் வலிக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை துணியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் அது மேலே ஏறிவிடும். பிள்ளைகள் பக்கம் திரும்பவே பயப்படுவார். இதைப் பகட்டு என்று எப்படிச் சொல்வது?

என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பாடம் மாதிரியே சொல்கிறேன்.

1. ஆபரேஷன் இல்லாத வழி. உள்பாடிக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகம். புண் ஆறும்வரை பஞ்சு போன்ற லேசானது. ஆறிய பிறகு எடையுள்ள சிலிக்கான். எடை இருப்பதால் மேலே ஏறாது. கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்றால் அதற்கேற்ற சிறிய பேட் கிடைக்கும். பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1970ல் இந்த நோய் வந்தது. கடையில் கிடைத்தது எதுவும் பிடிக்காமல், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி வடிவில் தானே தயாரித்து விற்றார்.

2. எடுத்த பக்கத்தை மீண்டும் உருவாக்குவது. சிலிக்கான் உறை வைக்கலாம், அல்லது சொந்த வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை, கொழுப்பு எடுத்து அமைக்கலாம். புற்றுநோய் ஆபரேஷனோடு சேர்த்தும் செய்யலாம், பிறகும் செய்யலாம். கதிர்வீச்சு பட்ட இடத்தில் சிலிக்கான் வைத்தால் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். சொந்தத் திசு அந்த இடத்தில் நன்றாகத் தாங்கும், ஆனால் அது பெரிய ஆபரேஷன், எடுத்த இடத்திலும் தழும்பு இருக்கும்.

3. பள்ளத்தை நிரப்புவது. கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி ஊசியால் நிரப்புவார்கள். கொஞ்சம் கரைந்துவிடும் என்பதால் சிலருக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும்.

4. மறுபக்கத்தைக் குறைப்பது அல்லது தூக்கிவிடுவது. நல்ல பக்கத்தில் எதற்குக் கத்தி என்று தோன்றும். ஆனால் பெரிய மார்பகம் உள்ளவர்களுக்குப் பல நேரம் இதுதான் எளிய வழி, தோள்வலியும் குறையும்.

5. ஒன்றும் செய்யாமல் விடுவது. இதுவும் ஒரு வழிதான். கவிஞர் ஆட்ரி லார்ட் செயற்கை மார்பகம் வேண்டாம் என்று முடிவுசெய்து, அதன் காரணத்தை 1980ல் புத்தகமாகவே எழுதினார்.

கதிர்வீச்சுக்குப் பிறகு உடனே அவசரப்படக் கூடாது. திசு அடங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை டாக்டர்கள் காத்திருக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும், அதையும் யோசிக்க வேண்டும். மீண்டும் உருவாக்கினால் நோய் திரும்பிவிடும் என்று ஒரு பயம் ஊரில் உண்டு. அப்படி ஆவதில்லை.

"எங்கே போவது பணத்துக்கு?" என்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1998லேயே சட்டம் வந்துவிட்டது. மார்பகத்தை எடுக்கப் பணம் தரும் காப்பீடு, அதை மீண்டும் அமைக்கவும், மறுபக்கத்தைச் சமமாக்கவும், செயற்கை மார்பகத்துக்கும் தர வேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால் நம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் கொடுத்த பொது விலக்குப் பட்டியலில் எண் 08ஐப் பாருங்கள். அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அதே வரி, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய மறுசீரமைப்பை விலக்கிலிருந்து விட்டுவிடுகிறது. சிகிச்சை தரும் டாக்டர் அவசியம் என்று சான்று தர வேண்டும். "இது காஸ்மெடிக், கிடையாது" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்பித் திரும்பி வராதீர்கள். பாலிசியை எடுத்து அந்த வரியைக் காட்டுங்கள். மறுபக்கத்தைச் சமமாக்குவதும் இதில் சேருமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டாக்டர் எல்லா வழியையும் பொறுமையாக விளக்கினார். இன்னொரு தடவை மயக்க மருந்து எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. சிறிய பேட் வாங்கி, டெய்லரிடம் உள்பாடியில் ஒரு பை தைத்து வாங்கிக்கொண்டேன். எனக்கு இது போதும். முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது போதாமல் இருக்கலாம், எழுபது வயதுப் பெண்ணுக்கும் போதாமல் இருக்கலாம். போதும், போதாது என்று அவரவர்தான் சொல்ல வேண்டும். புருஷனோ, மாமியாரோ, பக்கத்து வீடோ சொல்லக் கூடாது.

நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். அதனால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். முழுவதும் எடுக்கத்தான் வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? (தகுந்தவர்களுக்கு இரண்டிலும் ஆயுள் ஒன்றுதான் என்று இருபது வருடம் கவனித்த ஆய்வுகள் 2002லேயே சொல்லிவிட்டன.) பிறகு வடிவம் எப்படி இருக்கும்? சரிசெய்ய என்ன வழி, எப்போது? ஆபரேஷன் முடிந்தபின் கேட்டால் சில வழிகள் அடைபட்டுப் போயிருக்கும்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள். நம் வகுப்பில் சந்தேகம் கேட்டதற்காக யாரையாவது நான் திட்டியிருக்கிறேனா?

அன்புடன்,
உங்கள் டீச்சர்