பெரிய இண்டர்கூலர் மாட்டத்தான் வேண்டுமா?



ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் போர்வீல் வண்டி என்றால் அது துரையின் வண்டி. அதன் சத்தம் கேட்டாலே மரத்தடியில் நிற்பவன் நிமிர்ந்து நிற்பான். இன்று அந்த வண்டி நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. பழைய ஹைலக்ஸோ டிரைட்டனோ தவணையில் வாங்கி, செம்பனைக் குலை ஏற்றவும், உர மூட்டை இறக்கவும், வெளிக்காட்டுக்கு ஆள் ஏற்றவும் குத்தகை எடுத்துப் பிழைக்கிறார்கள். மனதார வரவேற்கிறோம்.

ஆனால் பட்டறைகளில் இவர்கள் காதில் ஒரு பேச்சு ஓதப்படுகிறது. "தம்பி, இண்டர்கூலரை மாத்து, பெருசாப் போடு. வண்டி பறக்கும், எண்ணெயும் மிச்சம்." 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதே, அதற்குப் பிறகு 'எண்ணெய் மிச்சம்' என்றால் யார்தான் காது கொடுக்க மாட்டார்கள்? உடனே வீட்டுக்காரியின் வளையல் அடகுக்கடைக்குக் கிளம்புகிறது. அது கிளம்புமுன் நாம் நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

இண்டர்கூலர் மந்திரப்பெட்டி இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போவும் காற்றை அமுக்கித்தான் எஞ்சினுக்குள் தள்ளுகிறது. பாரம் ஏற்றி மேடு ஏறும்போது அந்தக் காற்றின் சூடு நூறு டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். சூடான காற்று விரிந்து கிடக்கும். எஞ்சினுக்கு வேண்டியதோ நெருக்கமான காற்று. ஆகவே கடைக்காரர் தே தாரிக்கைத் தூக்கி ஆற்றுவதைப்போல், நடுவழியில் அந்தக் காற்றை ஆற்றிக் கொடுக்கிறது இண்டர்கூலர். 150 டிகிரியில் இருக்கும் காற்றை 60 டிகிரிக்கு இறக்கினால், அதே அழுத்தத்தில், அதே இடத்தில், கால் பங்குக்கு மேல் கூடுதல் காற்று அடங்கும். அது செய்யும் வேலை இவ்வளவுதான். வெளிக்காற்றைவிடக் குளிராக அதனால் ஆக்க முடியாது. நம் ஊர் மத்தியான வெயில் எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காற்று கூடினால் வண்டி பறக்குமா? பறக்காது. டீசல் எஞ்சினில் இழுவையைத் தருவது உள்ளே பீய்ச்சப்படும் எண்ணெய். காற்று மட்டும் கொஞ்சம் கூடி, எண்ணெய் அளவு அப்படியே இருந்தால், காலுக்கடியில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. பறக்க வேண்டுமானால் எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தி எண்ணெயைக் கூட்ட வேண்டும். கூட்டிய பிறகு 'மிச்சம்' எங்கிருந்து வரும்? கிளட்ச் சீக்கிரம் தேயும், கியர் பெட்டிக்கும் கூடுதல் பாரம். அந்தப் பில்லும் பிறகு நம் வீட்டுக்குத்தான் வரும்.

சரி, பெரியது வீண் என்கிறோமா? அப்படியும் இல்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு நாள் தவறாமல் பாரம் ஏற்றி இறக்குகிறவனுக்கு அது உதவும். நீண்ட ஏற்றத்தில் புகைபோக்கி வழியே போகும் சூடு குறையும், எஞ்சினுக்கும் டர்போவுக்கும் ஆயுசு கூடும். ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதையில், முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போகிறவன் கதை வேறு. பழைய டிரைட்டன், 3.0 ஹைலக்ஸ் வீகோ போன்ற வண்டிகளில் இண்டர்கூலர் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. போனட்டில் மூக்கு போல ஒன்று புடைத்திருக்கிறதே, அது அதற்குக் காற்று பிடிக்கத்தான். வண்டி ஊர்ந்தால் மூக்கில் ஏது காற்று? எஞ்சின் சூட்டில் அதுவும் சேர்ந்து வேகும். அதனால் முன்பக்கம் மாட்டு என்பார்கள். முன்னால் பெரிதாக ஒன்றை மாட்டினால் அது ரேடியேட்டரின் காற்றை மறைக்கும். ஏர்கோனையும் போட்டுக்கொண்டு சேற்றில் ஊர்ந்தால் சூட்டு முள் சிவப்பைத் தொடும். மலிவுச் சாமானில் உள்வழி குறுகலாகவும் இருக்கும். தள்ளின காற்று அழுத்தத்தில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வரும்.

நாம் சொல்வது இதுதான். மாற்றுமுன் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் தூசியும் சேறும் அதன் தகடுகளை அடைத்திருக்கும். மெல்லிய தண்ணீரில் கழுவ வேண்டும். கார் கழுவும் பீய்ச்சுக் குழாயை அருகில் கொண்டுபோனால் தகடு மடங்கிப் போகும். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருப்பது சகஜம். குளமாகத் தேங்கியிருந்தால் டர்போ சீலையோ எஞ்சின் மூச்சுக் குழாயையோ பார்க்கச் சொல்லுங்கள், அதை அலட்சியம் பண்ணாதீர்கள். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் ஆபத்து உண்டு. கழுவியதை நன்றாகக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும்.

அடுத்தது ரப்பர் குழாய்கள். கரும்புகை, இழுவை இல்லை, மிதித்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம். இந்த மூன்றும் இருந்தால் முக்கால்வாசி குழாய் விரிந்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். பட்டறையில் காற்றடைத்து, மேலே சவுக்கார நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். போனட் மூக்குக்கும் இண்டர்கூலருக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது பிய்ந்திருந்தால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். அதை மாற்ற எத்தனை காசு ஆகும்? பெரிய இண்டர்கூலரோ, குழாய், கிளிப், கூலி எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது என்று சந்தோஷப்பட்டோமே, அந்தச் சம்பளத்தைத்தான் சொல்கிறோம்.

இன்னொன்றையும் கேட்டுவைக்கிறோம். பின்னால் தகரத்தில் குலைகளோடு உட்கார்ந்து வருவது யார்? நம் அக்கா தங்கச்சிமார்தானே? மேடு ஏற இழுவை தேடுகிற தம்பி, இறக்கத்தில் அந்த ஒரு டன் பாரத்தை எதை வைத்து நிறுத்தப் போகிறார்? பிரேக் தேய்ந்திருக்கிறதா, டயரில் பட்டை இருக்கிறதா, பின்பக்க வில் உடைந்திருக்கிறதா என்று வீட்டிலுள்ள அம்மாமார்களே கேளுங்கள். வளையலை அடகு வைத்தே தீரவேண்டும் என்றால் முதலில் அதற்கு வையுங்கள். இண்டர்கூலர் அடுத்த வருஷம் வரட்டும்.